மூலையில் கிடக்கும் செயின் சோ: பழுது பார்ப்பதா, பழைய இரும்புக்குப் போடுவதா?

கண்டி நகரிலிருந்து ஹந்தானை மலைக்கு ஏறும் வீதியில் சில கிலோமீற்றர் போனால் தேயிலை நூதனசாலை வரும். 1925 இல் கட்டப்பட்ட ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலைதான் அது. பல வருடங்கள் மூடிக் கிடந்த கட்டடத்தைச் சீர்செய்து 2001 இல் நூதனசாலையாகத் திறந்தார்கள். பழைய தேயிலை இயந்திரங்களும் என்ஜின்களும் துடைத்துப் பூசி அங்கே வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கின்றன. போகின்றவர்கள் வியந்து பார்த்துவிட்டு வருகிறார்கள்.

அதே மலையடிவாரத்தில் எத்தனையோ வீடுகளின் பின்கட்டிலும், மரக்காலைகளின் மூலையிலும், ஹார்ட்வெயார் கடைகளின் தட்டுக்கு அடியிலும் வேறொரு பழைய இயந்திரம் கிடக்கிறது. மரம் வெட்டும் செயின் சோ. வாப்பா காலத்தில் வாங்கியது, தோட்ட ஏலத்தில் எடுத்தது, கடனுக்கு ஈடாக வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. இழுத்தால் ஸ்டார்ட் ஆகாது. விற்கவும் மனமில்லை, திருத்தவும் நேரமில்லை. அதை யாரும் நூதனசாலையில் வைக்கப் போவதில்லை. ஆனால் அதில் முடங்கிக் கிடப்பது நமது முதல்.

இப்படிக் கிடக்கும் வாள்களில் பெரும்பாலானவை என்ஜின் செத்ததால் நின்றவை அல்ல. பெற்றோல் பழுதாகியும் இறப்பர் காய்ந்தும் நின்றவை. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்த வியாபாரிக்கு இதில் நியாயமான வருமானம் உண்டு. தெரியாதவருக்கு நட்டமும் வம்பும் உண்டு. ஆகவே எதை எடுக்கலாம், எதை விடலாம், எந்த ஒழுங்கில் திருத்தலாம் என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

ஏன் இத்தனை வாள்கள் கிடக்கின்றன?

முதற் காரணம் சட்டம். காடழிப்பைக் கட்டுப்படுத்துவதற்காக, செயின் சோ வைத்திருப்போர் அனைவரும் 2019 பெப்ரவரி 28 ஆம் திகதிக்கு முன்னர் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டுமென அரசாங்கம் அறிவித்தது. அதே ஆண்டில் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. சிலர் பதிந்தார்கள். சிலர் பயந்து வாளைச் சாக்கில் கட்டி வைத்தார்கள்.

இரண்டாவது காரணம் 2022 பொருளாதார நெருக்கடி. அவ்வருடம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், சில வாரங்களில் 300 ஐத் தாண்டி, மே மாதமளவில் 360 ஐ எட்டியது. உதிரிப்பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. வாகனத்துக்கே பெற்றோல் இல்லாதபோது வாளை யார் நினைப்பார்கள்? தாங்கியில் பாதிப் பெற்றோலுடன் ஒதுக்கி வைக்கப்பட்ட வாள்கள் அப்படியே கிடந்துவிட்டன.

பிறகு 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாட்டிலேயே மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. மண் சரிந்தது, மரங்கள் வேரோடு விழுந்தன, வீதிகள் அடைபட்டன. இயந்திரம் வருவதற்கு முன் அயலவர்களே கையில் கிடைத்ததைக் கொண்டு வழி திறக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் ஓடும் வாள் ஒன்று ஊரில் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லத் தேவையில்லை. இழுத்து இழுத்துக் கை நொந்து, ஓடாத வாளைத் திரும்ப மூலையில் வைத்தவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

முதலில் கடதாசி, பிறகுதான் காபரேட்டர்

வாள் கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் பிளக்கைக் கழற்றுவார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது அதன் இலக்கம். என்ஜின் உடலில் அடிக்கப்பட்டோ தகட்டில் பொறிக்கப்பட்டோ இருக்கும். அந்த இலக்கம் பதிவுப் பத்திரத்திலுள்ள இலக்கத்துடன் ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். சுரண்டப்பட்ட இலக்கம், கழற்றப்பட்ட தகடு, “பத்திரம் வீட்டில் இருக்கிறது, பிறகு தருகிறேன்” என்ற வாக்குறுதி ஆகிய மூன்றில் எது இருந்தாலும் வாங்காதீர்கள். மலிவாகக் கிடைத்த களவுப் பொருள் கடையின் பெயரையே கொண்டு போய்விடும்.

பதிவில்லாத வாள் உங்கள் குடும்பத்திலேயே கிடந்தால், திருத்துவதற்கு முன் பொலிஸ் நிலையத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் போய் இப்போதைய நடைமுறையைக் கேட்டு ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். திருத்தக் கொடுப்பவரிடமும் பதிவுப் பத்திரத்தின் பிரதியை வாங்கி வேலைப் பத்திரத்துடன் இணைத்து வைப்பது நல்ல பழக்கம். கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. ஒழுங்கான வாடிக்கையாளர் அதற்காகக் கோபிக்க மாட்டார்.

சும்மா கிடந்தால் ஏன் கெடுகிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. செயின் சோவில் இருப்பது டூ ஸ்ட்ரோக் என்ஜின். மோட்டார் சைக்கிளில் இருப்பது போல இதற்கு என்ஜின் ஒயில் தனியாக இல்லை. பெற்றோலுடன் கலந்து ஊற்றும் ஒயில்தான் பிஸ்டனையும் பெயாரிங்கையும் காக்கிறது. ஆகவே இந்த என்ஜினுக்குப் பெற்றோல் குறைந்தால் ஒயிலும் குறைகிறது என்று அர்த்தம். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தாங்கியில் நிற்கும் பெற்றோல் சில மாதங்களில் பழுதாகிறது. லேசான பகுதி ஆவியாகிப் போக, மிச்சம் பிசின் போலக் காபரேட்டரின் ஊசித் துளைகளில் படிகிறது. வாளை எந்தப் பக்கம் சரித்தாலும் ஓட வேண்டும் என்பதால் அதன் காபரேட்டரில் மிதவை இல்லை. மெல்லிய டயபிரம்தான் பெற்றோலை அளந்து விடுகிறது. அந்த டயபிரம் காய்ந்து விறைத்துவிட்டால் பெற்றோல் போதியளவு வராது. பெற்றோல் குழாய் வெடிக்கிறது. தாங்கிக்குள் இருக்கும் பில்டர் அடைபடுகிறது. கிராங்கின் இரு பக்கமும் உள்ள ஒயில் சீல் இறுகிக் காற்றை உள்ளே விடுகிறது.

கண்டிப் பக்கத்துக்கு இன்னுமொரு தொல்லை ஈரம். இரண்டு பருவ மழையும் பார்க்கும் மலைப் பிரதேசம் இது. வெறும் சீமெந்துத் தரையில் வைத்த வாளின் பிளைவீலிலும் கொயிலிலும் துரு ஏறும். இலேசான உலோக உடலில் வெள்ளைப் பூ பூக்கும். தாங்கிக்குள் நீர்த்துளி சேரும். ஒயில் ஓட வேண்டிய துளையை மரத்தூள் கல் போல அடைத்துவிடும்.

இவை அனைத்தும் கிடந்ததால் வந்த கோளாறுகள். குறைந்த செலவில் தீரும். ஓடும்போது வந்த கோளாறு வேறு. அதாவது ஒயில் கலக்காமல் ஓட்டிப் பிஸ்டன் உரசியது, ரிங் தேய்ந்தது, பெயாரிங் கழன்றது. இவை பெரிய செலவு. வாங்குபவர் கண்டுபிடிக்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

பத்து நிமிடப் பரிசோதனை

விலை பேசுவதற்கு முன் இந்த ஐந்தையும் பாருங்கள்.

ஒன்று, கயிறு. ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் கனமாகப் பிடித்து விட வேண்டும். பின்பு கயிற்றின் கைபிடியைப் பிடித்து, வாளைத் தரைக்குச் சற்று மேலே தொங்க விடுங்கள். விட்டு விட்டுப் படிப்படியாக இறங்கினால் கம்ப்ரஷன் இருக்கிறது. ஒரேயடியாகச் சறுக்கி இறங்கினால் சந்தேகம்தான். கேஜ் வைத்திருப்பவர் அளந்து பார்க்கலாம். 150 பிஎஸ்ஐ அளவில் இருந்தால் நல்ல நிலை. 100க்குக் கீழே போனால் ரிங் அல்லது பிஸ்டன் வேலை வரும்.

இரண்டு, சைலன்சர். இரண்டு மூன்று ஆணிகளைக் கழற்றினால் போதும்; அந்த ஓட்டை வழியாகப் பிஸ்டனின் பக்கத்தைக் கண்ணால் பார்க்கலாம். மழமழப்பாக இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாகக் கீறல் கீறலாக இருந்தால், அந்த வாள் ஒயில் இல்லாமலோ பெற்றோல் குறைந்தோ ஓடியிருக்கிறது. இச்சிறு பரிசோதனையைச் சோம்பலில் விட்டு நானும் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். வெளியில் புத்தம் புதிது போல் பெயின்ற் அடித்த வாள். கடைக்குக் கொண்டு வந்து கழற்றிய பிறகுதான் உள்ளே பிஸ்டன் உழுத வயல் போலக் கிடந்தது தெரிந்தது. கொடுத்த காசில் பாதி அதன் உதிரிப்பாகங்களை விற்றுத்தான் திரும்பி வந்தது.

மூன்று, மின்பொறி. பிளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, அதன் இரும்புப் பகுதியை என்ஜின் உடலில் தொடவைத்துக் கயிற்றை இழுங்கள். நீல நிறப் பொறி பாய வேண்டும். பெற்றோல் சிந்திய இடத்தில் இதைச் செய்யக் கூடாது.

நான்கு, ஆட்டம். கிளச் பக்கமும் பிளைவீல் பக்கமும் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பெயாரிங் போய்விட்டது.

ஐந்து, உடல். பிடியும் உடலும் வெடித்திருக்கிறதா, அதிர்வு தாங்கும் இறப்பர்கள் கிழிந்திருக்கிறதா, முன் கைக்காப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

கயிறு அசையவே இல்லையென்றால் பலங்கொண்டு இழுக்காதீர்கள். பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஒயில் விட்டு ஓரிரவு வையுங்கள். மறுநாள் பிளைவீலைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் பல வேளைகளில் இளகிவிடும். அதன் பிறகும் சைலன்சர் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

திருத்தும் ஒழுங்கு

சுத்தம் முதலில். பழைய பெற்றோலை முழுதாக ஊற்றிவிடுங்கள். அதைத் திரும்பப் பாவிக்க வேண்டாம். கானிலும் ஓடையிலும் ஊற்றவும் வேண்டாம். ஹந்தானையிலிருந்து இறங்கும் தண்ணீர் கீழே இருப்பவர்களின் கிணற்றுக்குத்தான் போகிறது. தாங்கியைப் புதுப் பெற்றோலால் அலசுங்கள். காற்று வடிகட்டியைக் கழுவிக் காய வையுங்கள். சிலிண்டரின் குளிர்ச்சித் தகடுகளுக்கு இடையிலும் ஸ்டார்ட்டர் மூடிக்குள்ளும் இறுகிய மரத்தூளைச் சுரண்டி எடுங்கள். அது அடைத்திருந்தால் என்ஜின் சூடேறும்.

அடுத்தது பெற்றோல் பாதை. குழாய், தாங்கி பில்டர், பிளக் ஆகிய மூன்றையும் கேள்வியே இல்லாமல் மாற்றிவிடுங்கள். சிறிய செலவு. மிச்சம் பிடித்தால் வாள் திரும்பி வரும். தாங்கியின் மூச்சுத் துளையை மறக்க வேண்டாம். ஐந்து நிமிடம் ஓடி நின்று, மூடியைத் தளர்த்தியதும் திரும்ப ஓடும் வாளுக்கு நோய் அங்கேதான்.

காபரேட்டரைக் கழற்றும் முன் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டயபிரமும் அதன் மெல்லிய கடதாசியும் எந்த வரிசையில் இருந்தன என்பது முக்கியம். எல், எச் என்று எழுதப்பட்ட இரு திருகுகளையும் மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துவிட்டுக் கழற்றுங்கள். உலோக உடலை மாத்திரம் காபரேட்டர் கிளீனரால் கழுவிக் காற்று அடியுங்கள். இறப்பர் பாகங்களை அதில் ஊற வைக்கக் கூடாது. துளைகளைக் கம்பியால் குத்தினால் அளவு பெரிதாகிவிடும். காபரேட்டர் கிட் ஒன்று வாங்கி டயபிரம், ஊசி, கடதாசிகளைப் புதிதாகப் போடுங்கள்.

மின்பொறி இல்லையென்றால் கொயிலை உடனே குறை சொல்லாதீர்கள். முதலில் நிறுத்தும் சுவிட்சின் வயர் எங்காவது உடலில் தொட்டுக் கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிளைவீல் காந்தத்தையும் கொயில் முனையையும் மெல்லிய எமரி கடதாசியால் துரு போகத் தேய்த்து, இரண்டுக்கும் நடுவே சுமார் 0.3 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். தடித்த விசிட்டிங் கார்ட் ஒன்றை நடுவே வைத்து இறுக்கினால் ஏறக்குறையச் சரியாக வரும். பிளக் இடைவெளி 0.5 மில்லிமீற்றர். மிகப் பழைய வாள்களில் பொயின்ட் இருக்கும். கிடந்த காலத்தில் அதன் முகம் கறுத்துப் போவது வழமை. சுத்தம் செய்தாலே பொறி வந்துவிடும்.

ஒயில் சீல் சந்தேகமானால் கவனியுங்கள். மெது ஓட்டத்தில் சத்தம் தானாக ஏறி இறங்குவதும், வாளைச் சரித்ததும் வேகம் மாறுவதும் காற்றுக் கசிவின் அடையாளம். காற்று அதிகமாகப் புகுந்தால் பெற்றோல் விகிதம் குறையும். பெற்றோல் குறைந்தால் ஒயிலும் குறையும் என்று முன்பே சொன்னோம். அப்படி ஓடும் வாளின் பிஸ்டன் சில நாட்களில் உரசிவிடும். சீலிலும் பெயாரிங்கிலும் அளவு அச்சிடப்பட்டிருக்கும். கம்பனிப் பாகம் கிடைக்காவிட்டால் அந்த அளவைச் சொல்லிப் பெயாரிங் கடைகளில் விசாரிக்கலாம்.

கலவையும் முதல் ஓட்டமும்

டூ ஸ்ட்ரோக் ஒயில் மட்டுமே பாவியுங்கள். கார் என்ஜின் ஒயில் இதற்கு ஆகாது. 50க்கு 1 என்று குறிப்பிட்ட நல்ல ஒயிலானால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர், ஐந்து லீற்றருக்கு 100 மில்லிலீற்றர். தரம் நிச்சயமில்லாத ஒயிலானாலும், மிகப் பழைய வாளானாலும் 25க்கு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது லீற்றருக்கு 40 மில்லிலீற்றர். கண் அளவில் ஊற்றாமல் அளக்கும் குவளை ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. புகை கொஞ்சம் கூடினால் பிளக்கைத் துடைத்துவிடலாம். ஒயில் குறைந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டி வரும்.

குறித்து வைத்த சுற்று இல்லையென்றால், இரு திருகையும் மெதுவாக அடி வரை திருகி ஒரு சுற்று வெளியே எடுத்துத் தொடங்கலாம். ஸ்டார்ட் ஆனதும் முழு வேகம் கொடுக்காதீர்கள். சில நிமிடம் மெதுவாக ஓடிச் சூடேறட்டும். எச் திருகை உள்ளே திருகினால் சத்தம் கூர்மையாகி, வேகம் கூடியது போலத் தோன்றும். வாடிக்கையாளரும் “நல்லா இழுக்குது” என்று சந்தோஷப்படுவார். அந்தச் சந்தோஷம்தான் பிஸ்டனை எரிக்கிறது. மரத்தில் வைக்காமல் முழு வேகத்தில் ஓட்டும்போது சற்றுக் கரகரத்து, மரத்தில் வைத்ததும் சத்தம் தெளிய வேண்டும். அதுவே பாதுகாப்பான அளவு.

மெது ஓட்டத்தில் செயின் சுற்றக் கூடாது. சுற்றினால் வேகத்தைக் குறையுங்கள். குறைத்தும் நிற்காவிட்டால் கிளச் ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

பார், செயின், பிரேக்

என்ஜின் ஓடிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது நம் வேர்க்ஷொப்களில் வழமையான தவறு. மரம் வெட்டுவது செயின். பாரின் பள்ளத்தைச் சுரண்டி, ஒயில் துளையைத் திறந்து, பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். இரு பக்கமும் சமமாகத் தேயும். வெள்ளைக் கடதாசிக்கு நேரே நுனியைப் பிடித்து ஓட்டினால் ஒயில் கோடாகத் தெறிக்க வேண்டும். துருவில் இறுகி மடங்காத செயினைத் தட்டி இளக்கித் திரும்பப் போடாதீர்கள். அது அறுந்தால் கையைக் கொண்டு போகும். தீட்டும்போது செயினின் அளவுக்கு உரிய வட்ட அரத்தை எடுத்து, எல்லாப் பற்களையும் ஒரே கோணத்தில், ஒரே எண்ணிக்கையில் இழுக்க வேண்டும். சாதாரண செயினுக்கு 30 பாகை. தூள் மாவாக விழுந்தால் மொட்டை. சீவலாக விழுந்தால் கூர்.

இனி மிக முக்கியமானது. பாரின் நுனி மேற்பகுதி மரத்தில் பட்டால் வாள் கண் இமைக்கும் நேரத்தில் வெட்டுபவரின் முகத்துக்கு எகிறும். அதைத் தடுக்கும் செயின் பிரேக், 1970களின் தொடக்கத்தில்தான் வாள்களில் வரத் தொடங்கியது. நமது மலைநாட்டில் பெரிய மரங்களுக்குப் பாவித்த ஜேர்மனியின் ஸ்டில் 070 போன்ற 100 சீசீக்கு மேற்பட்ட பழைய வாள்களில் பிரேக் இல்லாதவையும் உண்டு. பழகிய கைகள் அவற்றைப் பாவிக்கலாம். புதியவர் கையில் கொடுக்கக் கூடாது. பிரேக் உள்ள வாளில் அது வேலை செய்யாவிட்டால், செயின் அறுந்தால் பிடிக்கும் கொக்கி உடைந்திருந்தால், எக்சிலேட்டரின் பூட்டு விசை கழன்றிருந்தால், அவற்றைச் சரிசெய்யாமல் வாளைக் கடையிலிருந்து வெளியே விடாதீர்கள். “அது இல்லாமலும் ஓடும் பாய்” என்று வாடிக்கையாளர் சொல்லலாம். ஓடும்தான். ஆனால் நாளை அவருடைய பிள்ளை வந்து நம் முன்னால் நின்றால் என்ன பதில் சொல்வது?

கணக்கு என்ன சொல்கிறது?

விளங்குவதற்காக ஓர் உதாரணம். இவை சந்தை விலைகள் அல்ல. உங்கள் விலைகளைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். வாளை 10,000 ரூபாய்க்கு எடுக்கிறீர்கள். குழாய், பில்டர், பிளக், காபரேட்டர் கிட் 6,000. பாரும் செயினும் 9,000. கூலி 5,000. மொத்தம் 30,000. நல்ல நிலையில் 45,000க்கு விற்குமானால் 15,000 மிச்சம். அதே வாளுக்குப் பிஸ்டனும் சிலிண்டரும் தேவைப்பட்டு இன்னும் 18,000 போனால் மொத்தம் 48,000. விற்கும்போது 3,000 நட்டம். ஐந்து நிமிடத்தில் சைலன்சரைக் கழற்றிப் பார்த்திருந்தால் இந்த நட்டமே வந்திருக்காது.

ஆகவே நான் கைக்கொள்ளும் ஒழுங்கு இது. கிடந்ததால் கெட்ட வாளை எடுப்பது. ஓடிக் கெட்ட வாளை உதிரிப்பாக விலைக்கு மட்டுமே எடுப்பது. ஒரே ரகத்தில் இரண்டு செத்த வாள் கிடைத்தால் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்குவது. அப்போது பத்திரத்திலுள்ள இலக்கத்துக்கு உரிய உடலையே வைத்துக்கொள்வது. உதிரிப்பாகம் நாட்டில் கிடைக்காத பெயர் தெரியாத ரகத்தை இலவசமாகத் தந்தாலும் யோசிப்பது.

உதிரிப்பாகங்களில் கம்பனிப் பாகமும் உண்டு, அதே வடிவில் செய்த மலிவுப் பாகமும் உண்டு. மூடி, கைபிடி, கயிறு போன்றவற்றுக்கு மலிவுப் பாகம் போதும். பிஸ்டன் ரிங், ஒயில் சீல், டயபிரம், செயின் ஆகியவற்றில் மிச்சம் பிடிக்காதீர்கள். எதைப் போட்டாலும் பில்லில் அப்படியே எழுதுங்கள். மலிவுப் பாகத்தைப் போட்டுக் கம்பனி விலை வாங்குவது வியாபாரமல்ல. பழைய வாளை விற்கும்போதும் குறை இருந்தால் வாய் திறந்து சொல்லி விற்பதே நமக்குத் தெரிந்த வியாபார ஒழுங்கு. சொல்லி விற்றால் விலை சற்றுக் குறையும். ஆனால் வாங்கியவர் திரும்பவும் நம்மிடமே வருவார்.

திருத்த வந்த வாள் நம்மிடம் அமானிதம். வரும்போதே இலக்கம், உடைவுகள், கூட வந்த பாகங்கள் எல்லாவற்றையும் எழுதி ஒப்பம் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். மதிப்பிட்ட செலவுக்கு மேல் போகுமானால் வேலையைத் தொடருமுன் தொலைபேசியில் கேளுங்கள். மாதக்கணக்கில் எடுக்காத வாள்களுக்கு என்ன செய்வது என்பதையும் பில்லிலேயே அச்சிட்டு விடுங்கள். பிறகு வாய்த் தர்க்கம் இருக்காது.

திரும்பவும் மூலைக்குப் போகாதிருக்க

வேலை முடிந்த வாளை வைக்கும்போது தாங்கியை வெறுமையாக்கி, என்ஜின் தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். காபரேட்டரில் பெற்றோல் தங்காது. பிளக் துளையில் சில துளி ஒயில் விட்டு இரண்டு முறை கயிற்றை இழுங்கள். செயினில் ஒயில் தடவி, தரையில் வைக்காமல் பலகை மேலோ ஆணியிலோ தொங்க விடுங்கள். கலந்த பெற்றோலை ஒரு மாதத் தேவைக்கு மேல் சேர்க்க வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை புதுப் பெற்றோல் ஊற்றிச் சில நிமிடம் ஓட்டுங்கள். இவற்றை ஒரு சிறிய தாளில் அச்சிட்டு வாடிக்கையாளருக்குக் கொடுக்கலாம். வாள் திரும்பி வராவிட்டால் வருமானம் குறையுமே என்று எண்ண வேண்டாம். அவரே இன்னும் நான்கு பேரை அனுப்புவார்.

இறுதியாக ஒன்று. ஓடும் வாள் கையில் இருப்பது மரம் வெட்டும் அனுமதி அல்ல. ஹந்தானை மலைத்தொடர் 2010 இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், சொந்தத் தோட்டத்தில் நிற்கும் பலாவையும் ஈரப்பலாவையும் வெட்டுவதற்குக்கூட அனுமதி வேண்டும். வெட்டிய மரத்தைக் கொண்டு செல்லவும் அனுமதிப் பத்திரம் கேட்பார்கள். மலைச்சரிவில் மரத்தின் வேர்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. அதை இழந்தால் என்ன நடக்கும் என்பதைக் கண்டி மக்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆகவே வியாபார அன்பர்களே, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். மூலையில் கிடக்கும் வாளை வெளியே எடுங்கள். பத்திரத்தைத் தேடுங்கள். பழைய பெற்றோலை ஊற்றிவிட்டுக் கயிற்றை ஒரு முறை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கனமாகப் பிடித்து விடுகிறதா? அப்படியானால் உங்கள் முதல் இன்னும் சாகவில்லை. அடுத்த மழைக்காலத்தில் வீதியில் மரம் விழும்போது அது உங்களுக்கு மட்டுமல்ல, ஊருக்கும் உதவும்.